ஏழாம் நம்பர் மலையில் நின்ற ஆள்

அன்று ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்ட நின்றவர்கள் பதினொரு பேர். அவர்களை வேலை வாங்கிய கணக்கப்பிள்ளை இருந்தார். கீழ்ப் பாதையில் மலை மேற்பார்வைக்குக் கண்டாக்கையா வந்துகொண்டிருந்தார். நான் இருந்தேன். என் அண்ணன் இருக்கவில்லை. தோட்டத்தில் ஆள் வரவு பதிகிற செக்ரோலில் மட்டும் இது மாறிக் கிடந்தது. அதில் அண்ணன் இருந்தான், நான் இல்லை.

றொசல்ல ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். பரீட்சை பாஸ் பண்ணி, பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் வாத்தியார் வேலைக்குக் கடிதமும் வந்திருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி போய்ச் சேர வேண்டும். அதுவரை தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருந்த நாட்களில் ஒன்றில்தான் இது நடந்தது.

அண்ணனின் மூத்த பிள்ளைக்கு நாலு வயது. முதல் நாள் பின்னேரமே வயிறு கல் மாதிரி இறுகி, பிள்ளை அழக்கூட மாட்டாமல் முனகத் தொடங்கிவிட்டான். அண்ணி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். அவள் எங்கும் போக முடியாது. கோச்சி என்று நாங்கள் சொல்கிற ரயிலில், விடியற்காலையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக அண்ணன் புறப்பட்டான். ஆனால் அந்த மாதத்தில் அவன் ஏற்கெனவே மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்காக முதல் நாள்தான் கண்டாக்கையாவுக்கும் அவனுக்கும், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் வாய்த்தகராறு நடந்தது. இன்னொரு நாள் வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். "வெட்டிப் பாருங்க" என்று அண்ணனும் சொல்லிவிட்டான். அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. பிள்ளைக்குச் சுகமில்லாத எரிச்சல்.

ஆகவே அவன் பேருக்கு நான் பெரட்டுக்குப் போனேன். இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த காரியமில்லை. எங்கள் பக்கத் தோட்டங்களில் ஒருவன் பேருக்கு அவன் தம்பியோ மச்சானோ மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதுண்டு. கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். ஆள் கணக்குச் சரியாக இருந்தால் அவருக்கும் நல்லது. எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான்.

"கம்பளிய தலையோட இழுத்துப் போட்டுக்கங்க வாத்தியாரே. ஒங்க கையப் பாத்தாலே பேனா புடிச்ச கைன்னு மலைக்கே தெரியும். கண்டாக்கு வந்தா குனிஞ்சே நில்லுங்க."

நான் குனிந்தே நின்றேன். கான் என்றால் மழைத் தண்ணீர் ஓட மலைக்குக் குறுக்காக வெட்டுகிற வாய்க்கால். வெட்டிய மண்ணைச் சரிவுப் பக்கம் இழுத்துவிட வேண்டும். பனி இறங்கியிருந்தது. எனக்கு மேலே இருந்த கானில் நாலு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் கானில் என்னோடு சேர்த்து மூன்று பேர். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. பத்தரை மணியளவில் கீழே ஒரு அலறல் கேட்டது. பிறகு கொழுந்து மரங்களுக்கிடையில் ஏதோ உருண்டு போகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பாதையில் கண்டாக்கையா கிடக்கிறார். தேங்காய் அளவு கல் ஒன்று அவர் தோளில் அடித்து எலும்பு முறிந்திருந்தது. இன்னும் நாலு விரல் தள்ளி விழுந்திருந்தால் தலை.

கல்லை யாரோ எறிந்தார்கள் என்று அவர் சொன்னார். யாரும் எறிந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று நான் இழுத்துவிட்ட மண்ணில் கல்லும் இருந்தது. எல்லார் இழுத்த மண்ணிலும் இருந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் தெரியாது என்பதுதான் அடுத்த மூன்று மாதமும் எனக்குச் சாப்பாடு இறங்காமல் செய்தது.

மத்தியானம் தாண்டி இரண்டு மணிக்கு, முதல் நாள் தகராறை வைத்து அண்ணனைத் தேடிப் பொலிஸ் லயத்துக்கு வந்தது. அண்ணன் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான். பிள்ளைக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து வாட்டில் வைத்திருந்தார்கள். பொலிஸ்காரர் கேட்டது ஒரே கேள்வி.

"நீ இன்னைக்கி ஏழாம் நம்பர்ல கான் வெட்டினதா?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா முந்திக்கொண்டார். "ஆமாங்க ஐயா. பேர் விழுந்திருக்குங்க. செக்ரோலப் பாத்துக்கலாம்."

"ஆமாங்க," என்றான் அண்ணன். "ஆனா நான் கல்லு எறியலீங்க."

பேர் விழுந்துவிட்டால் அந்த நாள் வேலை செய்த நாள். அதை இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வராது. பேரைத் திருப்பிக் கொடுத்தவனை யாரும் கண்டதில்லை. அதோடு, இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன என்று அப்பாவுக்குத் தெரியும். முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு நான் இஸ்தோப்புத் திண்ணையில் அவர் பின்னால் நின்றிருந்தேன். பொலிஸ்காரர் எழுதினார். அண்ணன் கைநாட்டு வைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

பொலிஸ் பிடித்துக்கொண்டு போன அண்ணனை ஜாமீனில் எடுத்த பிறகு அப்பாவும் அண்ணனும் நானும் ஹட்டனுக்கு வக்கீலைப் பார்க்கப் போனோம். அங்கே வக்கீலைப் புரக்டர் என்பார்கள். நாங்கள் போனவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டன் கோர்ட்டில் முப்பது வருஷமாக அடிதடி, களவு, கத்திக்குத்து என்று பேசிப் பேசிக் குரல் கரகரத்துப் போனவர். அவருடைய அறையில் சட்டப் புத்தகங்களை விடக் குடைகள் அதிகம். வழக்கில் வென்றவர்கள் சந்தோஷத்தில் மறந்து விட்டுப் போனவை என்றார்கள். பழைய கடித உறைகளைப் பிரித்து, அவற்றின் உட்பக்கத்தில்தான் குறிப்பு எழுதுவார்.

அண்ணனை எதிரே நிற்க வைத்து அவர் கேட்ட முதல் கேள்வியே எங்களுக்குப் புரியவில்லை.

"அண்டைக்குக் கானில வெட்டின மண்ணை மேல் பக்கம் போட்டனியோ, கீழ் பக்கமோ?"

"கீழ்ப்பக்கந்தாங்க."

"அது எல்லாக் கானிலயும் அப்பிடித்தான். அண்டைக்கு உன்ர கானில கல்லு இருந்ததோ?"

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"எத்தினை மணிக்குத் தேத்தண்ணி வந்தது?"

அண்ணன் மறுபடியும் என்னைப் பார்த்தான். நான் அவசரப்பட்டு, "அன்னைக்கித் தேத்தண்ணி வரல்லீங்க. பனியில பொடியன் வழி தப்பிட்டான்," என்றேன்.

புரக்டர் பேனாவை உறையின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் பாதம், என் கை, பிறகு முகம்.

"நான் உம்மட்டக் கேக்கேல்லை. நீர் ஆர்?"

"தம்பிங்க."

"என்ன செய்யிறீர்?"

"அடுத்த மாசம் வாத்தியார் வேலைங்க."

"அண்டைக்கு..." என்று தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, கவனமாக் கேளும். உம்மட கொண்ணன் என்ர கட்சிக்காரன். அவன் சொல்லுறதை நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது. நீர் என்ர கட்சிக்காரன் இல்லை. நீர் சொல்லுறதைப் பொத்தி வைக்க வேண்டிய கடமை எனக்கில்லை. அவனைக் காப்பாத்த அது உதவுமெண்டால் நான் அதை நாளைக்கே கோர்ட்டில எடுத்துப் போடுவன். இப்ப வெளியில போய் நில்லும். நான் கூப்பிடேக்க வாரும்."

வெளியே நின்றேன். கதவு சாத்தவில்லை. அண்ணன் சொல்வது கேட்டது. எனக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கானில் நிற்கிறவனோடு பேசுகிற குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளை, கோச்சி, ஆஸ்பத்திரி எல்லாம். கடைசியில், "நான் உள்ள போனாலும் பரவால்லீங்க ஐயா. தம்பி பேரு வெளிய வரப்படாதுங்க. எங்க கூட்டத்துலயே மொத மொத மாசச் சம்பளத்துக்குப் போற பய," என்றான்.

"உனக்கு ரெண்டு வழி இருக்கு," என்றார் புரக்டர். "ஒண்டு, நீ பொலிசுக்குச் சொன்னபடி, நிண்டன், எறியேல்லை, கல்லுத் தானா உருண்டது எண்டு சொல்லுறது. முதல் நாள் சண்டையும் பிடிச்சிருக்கிறாய். கண்டாக்கர் கையைத் தூளியில போட்டுக்கொண்டு வந்து நிப்பார். ஆரை நம்புவினம்? ஒரு வருஷத்துக்குக் குறையாது. மற்றது, நீ அங்கை நிக்கேல்லை எண்டு சொல்லுறது. அதுதான் உண்மை. ஆனால் உன்ர வாக்குமூலத்தையே நீ பொய்யெண்டு சொல்ல வேணும். பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யேக்க உன்னட்டக் கைநாட்டு வாங்கினவையோ?"

"ஆமாங்க."

புரக்டர் பேனாவை எடுத்து உறையில் ஒரு கோடு போட்டார். பிறகு, "நீதான் இலங்கைக்கு ராசாவோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

அப்பா அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்சட்டை போட்ட யார் எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் முதலில் ஆமாங்க என்பார்கள். அது ஒத்துக்கொள்வதில்லை, மரியாதை. தோட்டத்தில் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கோர்ட்டில் அது ஒரு வருஷம்.

"இவனை நான் கூண்டில ஏத்த மாட்டன்," என்றார் புரக்டர், அப்பாவிடம். "ஏத்தினால் நாலு ஆமாங்கவில எல்லாம் முடிஞ்சிடும். அந்தக் கைநாட்டு ஒண்டுதான் எங்கட சாட்சி. அதாவது, அப்பிடி ஒண்டு இருந்தால்."

அவருடைய குழப்பம் எனக்குப் புரிந்தது. அண்ணனின் ஆமாங்கவை நம்பித்தான் அவர் வழக்கைத் திருப்ப வேண்டும். அடுத்த நாளே டிக்கோயாவுக்குப் போனேன். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பாணைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். வாட்டுக் கிளார்க்கிடம் அந்தக் கடுதாசியைக் காட்ட முடியுமா என்று என் இங்கிலீஷில் கேட்டேன். கோர்ட்டிலிருந்து அழைப்பாணை வந்தால் கோப்பை அங்கே கொண்டுவருவதாகவும், அதற்கு முன் யாருக்கும் காட்டக்கூடாது என்றும் அவர் மரியாதையாகவே சொன்னார். அண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். மை பூசினார்களா? எந்த விரல்? யார் பிடித்தது? "வச்ச மாதிரித்தான் ஞாபகம்டா. புள்ள கத்திக்கிட்டு இருந்தான்," என்றான். அதற்கு மேல் அழுத்திக் கேட்டால் அவனுக்கே சந்தேகம் வந்தது. கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வழக்குக்குக் கூப்பிட்ட முதல் நாள் கோர்ட்டில் பின்வரிசை வாங்குப் பலகையில் அப்பாவுக்கும் எனக்கும் இடம் கிடைத்தது. அங்கே எல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும். சாட்சி தமிழில் சொல்ல, முதலியார் என்று கூப்பிடுகிற மொழிபெயர்ப்பாளர் அதை நீதவானுக்குச் சொல்வார். இரண்டும் எனக்கு விளங்கியதால் பயமும் இரண்டு தடவை வந்தது.

கண்டாக்கையா கையைத் தூளியில் தொங்கவிட்டபடி ஏறினார். புரக்டர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர் கண்டாக்கையாவுக்கு உதவுவது மாதிரி இருந்தது.

"உங்கட கடிகாரம் சரியான நேரம் காட்டுமோ?"

"ஒவ்வொரு நாளும் கோச்சி நேரத்துக்குச் சரி பார்க்கிறேன்."

"கல்லு விழேக்கச் சரியா என்ன நேரம்?"

"பத்து முப்பத்தைந்து. விழுந்ததும் பார்த்தேன். கண்ணாடி உடைஞ்சு அதிலேயே நிண்டு போச்சு."

"ஆகவே நேரத்தில ஒரு பிழையும் இருக்கேலாது?"

"இருக்க முடியாது."

"அந்த நேரம் எதிரி, இந்தக் கூண்டில நிக்கிறவன், அந்த மலையில நிண்டான் எண்டதிலயும்?"

"சந்தேகமே இல்லை. செக்ரோலில் இருக்கிறது."

"முகத்தைக் கண்டீங்களோ?"

"பனி. ஆனால் செக்ரோலில் இருக்கிறது."

புரக்டர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அப்பா என் முழங்காலைக் கிள்ளினார். "என்னடா, அந்தாளுக்கு மாலை போடுறாரு?" என்றார் காதுக்குள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கண்டாக்கையா வெளியே வர இருந்த கதவையெல்லாம் அவரைக் கொண்டே சாத்தவைத்தார் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

அடுத்து கணக்கப்பிள்ளை. அவர் ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரிலிருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு மனிதன் வாயைத் திறந்தால் அண்ணன் இறங்கிவிடுவான், அவன் நின்ற இடத்தில் நான் ஏற வேண்டியிருக்கும். வாயைத் திறக்காவிட்டால் அண்ணன் அங்கேயே நிற்பான். அவர் எதைச் சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதை இப்போது நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் வேண்டினேன் என்று நினைக்கிறேன்.

புரக்டர் கேட்டார். "பெரட்டில பேரைக் கூப்பிட்டால் ஆள் என்ன செய்வான்?"

"சத்தம் குடுப்பாங்க."

"கிட்ட வந்து முகத்தைக் காட்டுவானோ?"

"இல்லீங்க. விடியக்காத்தால இருட்டுங்க. சத்தம் கேட்டாப் பேர் போடுவேன்."

"அண்டைக்கு இவன்ர பேருக்குச் சத்தம் கேட்டுது, பேர் போட்டீர்."

"ஆமாங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். வழக்கு நடத்திய பொலிஸ் இன்ஸ்பெக்டர் எழுந்தார். நான் பயந்தது அதற்குத்தான்.

"உமக்குப் பத்து வருஷம் தெரிந்த ஆள். மலையில் பார்க்காமலா வேலை வாங்கினீர்? அங்கே நின்றது இவர்தானே?"

முதலியார் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை கணக்கப்பிள்ளை மணிக்கூட்டையே பார்த்தார். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். என்னில் வந்து கண் நின்றது. எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நான் எழும்பவில்லை. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"பனிங்க ஐயா," என்றார் அவர். "எல்லாரும் கம்பளி போட்டிருந்தாங்க. மொகம் பாக்கலீங்க."

"அப்படியானால் யார் என்று தெரியாமலா வேலை வாங்கினீர்?" என்று நீதவானே கேட்டார்.

"கான் நீளத்தப் பாத்தேங்க. ஆளப் பாக்கல."

யாரோ சிரித்தார்கள். நீதவான் எழுதிக்கொண்டார். வழக்கு மூன்று வாரம் தள்ளிப் போனது.

அந்த மூன்று வாரத்துக்குள் முதலாம் திகதி வந்தது. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன். பொய் சொல்லக்கூடாது என்ற பாடம் முதல் வாரத்திலேயே வந்தது. அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய், நானே நீதவானிடம் சொல்லிவிடுகிறேன் என்று புரக்டரிடம் சொன்னேன்.

"என்னத்தை?"

"அன்னைக்கி மலையில..."

"எனக்குக் காது கேக்கேல்லை," என்றார். "நீர் கூண்டில ஏறினால் உம்மட கொண்ணன் இறங்குவான், சரி. பிறகு நீர் இறங்க மாட்டீர். கொண்ணன் அதைக் கேள்விப்பட்டால் ஓடி வந்து நான்தான் எறிஞ்சனான் எண்டு சொல்லுவான், அவன்ர குணம் அது. பிறகு ரெண்டு பேருக்கும் நான் பேச வேணும். அந்தக் கோப்பு வரட்டும். அதில கைநாட்டு இல்லையெண்டால் அண்டைக்கு வாரும், யோசிப்பம்."

"இருக்குமாங்க?"

"தெரியாது. எனக்கும் நித்திரை இல்லை," என்றார். முப்பது வருஷம் பழகியவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயந்துவிட்டேன்.

இரண்டாவது நாள் வாட்டுக் கிளார்க் கோப்போடு வந்தார். சிவப்பு நூலால் கட்டிய கோப்பு. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஜுரம் எழுதிய தாள், மருந்து எழுதிய தாள். நாலாவது தாளில் நின்று, "ஆபரேஷனுக்குச் சம்மதம். தகப்பனுடைய அடையாளம். இடது பெருவிரல். நேரம் பத்து நாற்பது," என்று வாசித்தார்.

நீதவான் நேரத்தை எழுதிக்கொண்டார். புரக்டர் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. ஆனால் மேசைக்குக் கீழே அவருடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது நின்றுபோனதைக் கண்டேன். கண்டாக்கையாவின் உடைந்த கடிகாரத்துக்கும் இந்தத் தாளுக்கும் ஐந்து நிமிஷ வித்தியாசம். இடையில் மலையிறக்கம், ரயில் பாதை, பஸ் ரோட்டு என்று எட்டு ஒன்பது மைல்.

யாருடைய பெருவிரல் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கேயே அண்ணனின் விரலில் மை பூசிப் பதிந்து, இரண்டையும் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுபடி ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் அண்ணன் எந்நேரமும் தன் இடது பெருவிரலையே பார்த்துக்கொண்டிருப்பான். மம்பட்டி பிடித்துத் தேய்ந்து ரேகையே இல்லாமல் போயிருக்குமோ என்று அவனுக்குப் பயம். "இது என் வெரல்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலயே," என்பான். அண்ணி அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். பதிந்து போன பிறகு பூசி என்ன பயன் என்று நான் சொல்லவில்லை.

அறிக்கை வந்தது. இரண்டும் ஒரே விரல். நீதவான் இரண்டு வரியில் அண்ணனை விடுதலை செய்தார். யார் அந்த மலையில் நின்றார் என்பது தன்முன் உள்ள கேள்வி அல்ல, அது தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றும் ஒரு வரி சொன்னார். அந்தக் கடைசி வரியை முதலியார் தமிழில் சொல்லவில்லை. அதனால் அண்ணனும் அப்பாவும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் சிரிக்கவில்லை.

படிக்கட்டில் வைத்து அண்ணன் புரக்டரின் காலில் விழப் போனான். அவர் பின்னால் நகர்ந்து, "விழாதை, கோட்டு அழுக்காகும்," என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நான் உம்மட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லை. இனியும் கேக்க மாட்டன். ஆரும் கேட்டால் நீரும் அதை மறக்காதையும்."

"அந்தக் கல்லு என்னதா, மத்தவங்களதான்னு எனக்கே தெரியாதுங்க," என்றேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவர் குடையை விரித்துக்கொண்டே, "தெரியாததைச் சொல்லுறதுக்கு ஒருத்தரும் கூண்டில ஏறத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குச் சமாதானமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இன்றும் கானில் மண் இழுக்கிற சத்தம் கேட்டால் நின்று பார்க்கிறேன்.

தீர்ப்பு வந்து ஒன்பதாம் நாள் தோட்டத்து ஆபீஸான கந்தோரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. நிற்காத நாளுக்குப் பேர் வாங்கியதற்காக அண்ணனுக்கு ஒன்று. பேர் போட்டதற்காகக் கணக்கப்பிள்ளைக்கு ஒன்று. இரண்டு பேருக்கும் வேலை இல்லை, மாத முடிவில் இடத்தைக் காலி பண்ண வேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நாங்கள் போட்டிருந்த மனு எந்தக் கந்தோரில் கிடந்ததோ, அதில் எழுதியிருந்த விலாசமும் அதோடு போயிற்று. அண்ணி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியைத் துடைத்தாள். யாருக்காகத் துடைக்கிறாய் என்று அப்பா கேட்டார். வருகிறவர்களுக்கு என்றாள்.

கணக்கப்பிள்ளையைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவரே ஆரம்பித்தார்.

"வாங்க வாத்தியாரே. என் வாயில பனிய ஊத்திட்டுப் போனீங்க, இப்ப வெயில் பாக்க வந்தீங்களா?"

"நீங்க சொல்லியிருக்கலாங்க."

"சொல்லியிருந்தாலும் இந்தக் கடுதாசி வந்திருக்கும். பேர் போட்டவன் நாந்தானே? ரெண்டு பேருக்கு வேல போறது நிச்சயம். மூணாவதா ஒருத்தனுக்கும் எதுக்குப் போகணும்னு பாத்தேன். பெருசா நெனச்சுக்காதீங்க, மணிக்கூட்டப் பாத்து நிக்கிறப்ப தோணிச்சு, அவ்வளவுதான்."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "அந்தப் புத்திய அன்னைக்கிப் பேர் போடுறப்பவே காட்டியிருக்கலாம்," என்றாள். அவர் பெட்டியின் கயிற்றை இழுத்துக் கட்டினார். அவள் சொன்னதுதான் சரி.

அண்ணன் குடும்பம் கொத்மலைப் பக்கத்தில் அண்ணியின் அண்ணன் இருந்த தோட்டத்துக்குப் போனது. அங்கே முதல் ஆறு மாதம் அண்ணனுக்கு அன்றன்று கூலி வாங்குகிற கைக்காசு வேலைதான், பேர் பதியவில்லை. அப்பாவும் அவர்களோடு போனார். நான் பாடசாலையோடு ஒட்டியிருந்த அறையில் தனியாக இருந்து, மாதா மாதம் சம்பளத்தில் பாதியை அனுப்பினேன். புரக்டர் மூன்று தவணைக்கும் சேர்த்து வாங்கியது இருநூற்று இருபத்தைந்து ரூபாய். வேறு யாரும் இவ்வளவு குறைத்து வாங்கியிருக்கமாட்டார்கள். முத்திரைக்கும் அழைப்பாணைக்கும் பதினெட்டரை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் முப்பத்தொன்று. அண்ணன் தோட்டத்தில் வாங்கியிருந்த முற்பணத்தைக் கட்டாமல் வெளியே விடமாட்டோம் என்றார்கள், அது நூற்றி நாற்பது. சட்டி பானை, கோழிக்கூடு, ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லொறிக்கு முப்பத்தைந்து. கணக்கப்பிள்ளை கையில் நான் வைத்தது நூறு. அவர் வாங்கவில்லை, அவர் மனைவி வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு நாள் பேருக்கு எல்லாமாக ஐந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் ஐம்பது சதம்.